இருபத்தொன்றில் ஒன்று குறைவு

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மீன்வண்டிகள் திரும்புகிற முடுக்கில்
எங்கள் ஸ்டீம் லாண்டரி.
ஒன்பது நாட்களாக
ஐந்து நாடுகளின் அழுக்கு
ஆட்டோவில் வந்து இறங்குகிறது.

செக்போஸ்டில் நிறுத்திக் கேட்டார்களாம்,
என்ன லோடு என்று.
வெளிநாட்டு வியர்வை என்றானாம் ஸ்டெல்லஸ்.
ஒரு பையைத் திறந்து மோந்துவிட்டு
போ போ என்றார்களாம்.

ஆட்டம் பாறசாலைக்கு அப்பால்
புதிதாய்ப் புல் விரித்த மைதானத்தில்.
ஒருநாளும் நான் போனதில்லை.
அங்கே விசில் ஊதி முடிந்தால்தான்
இங்கே எனக்கு வேலை.

ஆனாலும் தெரியும்.
நேபாளத்தின் ஆறாம் எண்ணை
யாராவது இடது தோளில் பிடித்து இழுக்கிறார்கள்,
மூன்று ஆட்டமாய் அதே தையல் விடுகிறது.
மாலத்தீவின் கோல்கீப்பர் வலப்பக்கமே பாய்கிறாள்.
இலங்கையின் பத்து
விழுந்ததும் எழுகிறவள் அல்ல,
சேறு அவள் முதுகில் சாவகாசமாய் ஊறியிருக்கும்.
வங்கதேசத்துப் பையில் ஒரு காலுறைக்குள்
புளிப்பு மிட்டாய்த் தாள், நான்காய் மடித்து.

ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், கல்லுப்பு.
வெந்நீர் பட்டால் துணியோடு தங்கிவிடும்.
புதிதாய்ச் சேர்ந்த ஆன்சிலெட்டுக்கு
இதைச் சொல்லப் போனேன்.
"மாசாமாசம் படிக்கிய பாடந்தானே அக்கா"
என்று வாளியை வாங்கிக்கொண்டாள்.

மழை விடவில்லை.
வெளியே காயப்போட வழியில்லாமல்
பாய்லர் அறையில் கயிறு கட்டினோம்.
ஐந்து நாட்டுக்கும் ஒரே கொடி,
நீல நைலான்,
நடுவில் கொஞ்சம் தொய்ந்தது.

பூட்டானுக்கு இருபத்தொரு சட்டை.
அதில் பதினான்கு மட்டும்
மண்ணில்லாமல் வரும்.
புல்லில்லாமல் வரும்.
கழுத்தோரம் வெள்ளையாய் உப்பு மட்டும்:
கோட்டுக்கு வெளியே ஓடி, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி ஓடி
இப்போது கூப்பிடுவார்கள் என்று
உடம்பைச் சூடாகவே வைத்திருந்த உப்பு.
முதுகுப் பெயரை எழுத்துக்கூட்டினேன்.
யாங்சோம்.

முதல் ஆட்டம் அப்படி.
இரண்டாவதும்.
மூன்றாவதைப் பிரிக்கும்போது
என் கை அதைத்தான் முதலில் தேடியது.
கறையில்லாத சட்டைக்கும் அதே நாற்பது ரூபாய்,
அதே சோப்பு,
மற்றவர்கள் சேறு கரைந்த அதே தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டானுக்குக் கடைசி ஆட்டம்.
அஞ்சு வாங்கிட்டுவ, பாவம், என்றான் ஸ்டெல்லஸ்
பையை இறக்கிக்கொண்டே.
எண்ணினேன். இருபது.
திரும்ப எண்ணினேன்.
ஆட்டோ சீட்டுக்கு அடியில் பார்த்தோம்,
டிரம்முக்குள் ஆன்சிலெட் தலையைவிட்டுப் பார்த்தாள்.
பதினான்கு இல்லை.

தொலைந்தால் ஆயிரத்து எண்ணூறு, என் சம்பளத்தில்.
விடுதிக்குப் போன் போட்டேன்.
அணி மேனேஜர் ஏதோ சொன்னாள்,
அவள் இந்தியும் என் இந்தியும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தடுமாறின.
பிறகு ரிசப்ஷன் பையன் வாங்கிச் சொன்னான்:
"அந்தக் குட்டி லாஸ்ட் நாலு மினிட் களிச்சு, சேச்சி.
ஷர்ட் ஊரித் தரில்லா.
சேறோட உறங்குகயா."

பில்லில் இருபத்தொன்றை அடித்து
இருபது என்று எழுதினேன்.
நாற்பது ரூபாய் எங்கே என்று
முதலாளி நாளைக் கேட்பார்.
கேட்கட்டும்.

நாலு நிமிடம்.
ஒரு சட்டையை நீராவியில் தேய்த்து
பித்தான் போட்டு மடிக்க
எனக்கு ஆகிற நேரம்.

மணி பதினொன்று.
நாளை இறுதி ஆட்டம், நேபாளத்துக்கு.
ஆறாம் எண்ணை எடுத்து விளக்கடியில் விரித்தேன்.
இடது தோள்.
இந்த முறை
இரட்டை நூல்.